நாற்பத்தோராம் பந்தி

1

இந்தக் கதை எழுதுகிறவனுக்குச் சொந்தமானது இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. கஹவத்தையில் இருந்து கொடகவெல வழியாகப் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் பேசியதை அவன் பின்னால் இருந்து ஒட்டுக்கேட்டான். பாதி காதில் விழுந்தது, மீதியைக் கட்டிக்கொண்டான். கதை எழுதுகிறவர்களின் தொழிலே இதுதான். அதற்காக யாரும் அவர்களைப் பிடித்து உள்ளே போடுவதில்லை.

(இந்த பஸ் கதையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு அதில் ஒரு வேலை இருக்கிறது.)

"எழுதுகிறவன்" என்று யாரோ மூன்றாம் ஆளைப் போல ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். "நான்" என்று எழுதலாம்தான். ஆனால் நீதிபதிகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முக்கியமான இடம் வந்ததும் "இந்த நீதிமன்றம் கருதுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். கருதியது யார்? மத்தியானச் சோறு செமிக்காமல், மேசை விசிறிக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதிய ஒரு மனிதர். தீர்ப்பு வெளியே வரும்போது அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார், நீதிமன்றம் மட்டும் மிஞ்சுகிறது. பொறுப்பில் இருந்து நழுவ இதைவிட மரியாதையான வழி கிடையாது. எழுதுகிறவனும் அதையே பிடித்துக்கொள்கிறான்.

இன்னொன்று. சபரகமுவையில் எந்த நகரத்து மேல் நீதிமன்றம், எந்தப் பிரதேச சபை என்றெல்லாம் கேட்காதீர்கள். எல்லாம் கற்பனை. தோட்டத்தின் பெயரை எழுதி, அடித்து, கோடு போட்டிருக்கிறான்: ———— தோட்டம், மேல் டிவிஷன், மூன்றாம் நம்பர் லயம். தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நிற்கிற அந்த லயத்தின் நம்பரை மட்டும் அடிக்க மனம் வரவில்லை.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதினான்.

முதலாவது: "மாண்புமிகு நீதிபதி பேனாவைத் திறந்தபோது நாட்டின் அரசியலமைப்பு —" வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை எழுதியவனே வாசிக்கமாட்டான்.

இரண்டாவது: "மூன்றாம் நம்பர் லயத்து வாசலுக்குக் கீழே, ஒரு முழ ஆழத்தில், தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. லயத்துக்கு அதில் ஒரு சொட்டும் கிடையாது." இது பரவாயில்லை. பிரதேச சபை மலைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி கட்டி, லயத்து வாசலைத் தோண்டிக் குழாய் பதித்து, கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது. லயத்துக்காரர்கள் தங்களுக்கும் ஓர் இணைப்புக் கேட்டார்கள். தோட்டத்தில் இருப்பவர்களைத் தோட்டம்தான் பார்க்க வேண்டும் என்றது சபை. தோட்டக் கம்பனி சபையைக் கைகாட்டியது. இப்படியே ஆறு வருடம். மாசி, பங்குனியில் பீலி வற்றிவிடும். ஊற்றுத் தண்ணீரைத் தகரத்தில் இறக்கி, குளிக்கவும் குடிக்கவும் பிடிக்கிற இடத்துக்குத்தான் அங்கே பீலி என்று பெயர். அது வற்றினால் இருபத்திரண்டு குடும்பமும் குடத்தோடு ஒரு மைல் இறங்கி ஏற வேண்டும். கடைசியில் பஞ்சவர்ணம், ரப்பர் மரத்தில் முப்பத்தொரு வருடம் பால் வெட்டி ஓய்ந்தவள், தண்ணீர் கொடுக்கும்படி சபைக்கு ஆணையிடச் சொல்லி மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள்.

ஆனால் தண்ணீரில் தொடங்கினால் கதை பஞ்சவர்ணத்தின் பின்னால் போய்விடும். அப்படிப் போகக்கூடாது என்பதில் எழுதுகிறவன் பிடிவாதமாக இருந்தான். காரணத்தைக் கேட்காதீர்கள், இப்போதைக்கு.

மூன்றாவது: "றம்ஸியாவுக்குத் தமிழும் நன்றாகத் தெரியும், சிங்களமும் நன்றாகத் தெரியும். வினையே அதில்தான் வந்தது." இதை வைத்துக்கொண்டான்.

றம்ஸியா நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். கொடகவெல பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த நுஹ்மானின் மகள். வீட்டில் தமிழ், பாடசாலையில் சிங்களம். வேலைக்கு வந்து மூன்று வருடம் முடியப் போகிறது, நிரந்தர நியமனக் கடிதம் இந்த மாதம் வர வேண்டும். பிழை ஏதும் பதிவாகாமல் இருந்தால் வரும்.

[அடிக்குறிப்பு: பிழை செய்கிற ஆளை முஸ்லிம் பெண்ணாக வைத்தது சரியா என்று எழுதுகிறவனுக்கு ஒரு சந்தேகம் உறுத்தியது. யாழ்ப்பாணத்து மனிதராக மாற்றிப் பார்த்தான். யாழ்ப்பாணத்தார் மேல் பழைய கோபம் உள்ள மலையகத்து வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று தோன்றியதும் மாற்றியதை அழித்தான். யார் தலையில் பழியைப் போட்டால் சௌகரியம் என்று பார்த்துப் பாத்திரம் படைப்பது கீழ்த்தரமான வேலை. அதை இந்தக் கதையில் அவன் வேறு விதமாகச் செய்திருக்கிறான், அதுவும் பிறகு.]

3

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் கடதாசியிலேயே நடந்து முடிந்துவிடும். ஆனால் அந்த நீதிபதி அம்மா ஆட்களை நேரில் பார்க்க விரும்புகிறவர். மனுதாரர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். பஞ்சவர்ணம் நீலச் சேலையில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூண்டில் ஏறினாள். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் தமிழிலேயே பேசுங்கள், மொழிபெயர்ப்பாளர் இருப்பது அதற்காகத்தான், அது உங்கள் உரிமை என்று அவளுடைய சட்டத்தரணி நிஸார் சொல்லி வைத்திருந்தார்.

தண்ணீர்த் திட்டம் தொடங்கும்போது சபை பொதுக்கூட்டம் போட்டதே, அதற்கு ஏன் போகவில்லை என்று நீதிபதி சிங்களத்தில் கேட்டார். றம்ஸியா தமிழில் கேட்டாள். பஞ்சவர்ணம் யோசிக்கவே இல்லை.

"அது நாட்டு ஆளுங்க கூட்டம். நாங்க நாட்டு ஆளுங்க இல்லீங்கம்மா."

றம்ஸியா சிங்களத்தில் திருப்பினாள்: "அபி மே ரட்டே மினிஸ்ஸு நெமெய்." நாங்கள் இந்தத் தேசத்து மனிதர்கள் இல்லை.

பிறகு சபையின் சட்டத்தரணி எழுந்து, மனுதாரரின் பதில் சொன்னது சொன்னபடியே பதியப்பட வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். பதியப்பட்டது. நீதிபதியின் முகத்தில் ஏதோ இளகியது.

(இதை யார் பார்த்தது? றம்ஸியா கையில் இருந்த குறிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சவர்ணம் தரையைப் பார்த்தாள். இந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும்.)

பின் வாங்கில், கடைசிப் பெஞ்சில், ஒருவன் எழுந்திருக்கப்போனவன் மாதிரி — 

(இதையும்.)

தோட்டப்பக்கம் பழகாத வாசகருக்கு ஒரு விளக்கம். தோட்டத்துத் தமிழில் நாடு என்றால் தேசம் இல்லை. தோட்டத்து எல்லைக்கு வெளியே இருக்கிற சிங்களக் கிராமம்தான் நாடு. நாட்டுக்குப் போய் பலாக்காய் வாங்கி வருவார்கள், நாட்டுக் கடையில் வெற்றிலை வாங்குவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்கு உள்ளே ஒரு உலகம், வெளியே ஒரு உலகம். வெளியே இருந்ததற்கு அவர்கள் நாடு என்று பெயர் வைத்தார்கள். பஞ்சவர்ணம் சொன்னது: அது கிராமத்தார் கூட்டம், நாங்கள் கிராமத்தார் இல்லை, தோட்டத்தார். ரட்டே என்ற இடத்தில் கமே, அதாவது கிராமத்து, என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு சொல்.

பஜாரில் வளர்ந்த றம்ஸியாவுக்கு நாடு என்றால் நாடுதான்.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பேச வேண்டும். பிடிக்காதவர்கள் ஐந்துக்குத் தாவலாம், ஆனால் தாவினால் றம்ஸியா ஏன் அப்படிப் பதறினாள் என்பது விளங்காது.

அரசியலமைப்பைப் பெரிய புத்தகம் என்று நினைக்கிறோம். பெரிய புத்தகம்தான், ஆனால் அதில் உயிரான இடங்கள் எல்லாம் சின்னச் சின்ன வசனங்கள். பன்னிரண்டாம் உறுப்புரை, சட்டத்தின் முன் ஆட்கள் எல்லோரும் சமம் என்கிறது. சரி. யார் அந்த எல்லோரும்? தண்ணீர்க் குழாய் அதில் சேர்த்தியா? லயம் சேர்த்தியா? புத்தகம் வாயைத் திறக்காது. மலையடிவார நகரம் ஒன்றில், சீலிங் கழன்று தொங்கும் ஒரு மண்டபத்தில், யாரோ ஒரு மேல் நீதிமன்ற நீதிபதி தன் முன்னால் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுத் தன் தீர்ப்பில் ஒரு பந்தி எழுதுகிறார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம் பிறக்கிறது.

அடிப்படை உரிமை வழக்கு என்றால் கொழும்புக்குப் போக வேண்டும், உச்ச நீதிமன்றத்துக்கு. அது உண்மை. ஆனால் ஒரு சபை நியாயமாக நடந்ததா என்று மாகாண மேல் நீதிமன்றம் பார்க்கிறதே, அப்போது நியாயம் என்றால் என்ன என்று அது சொல்லித்தானே ஆக வேண்டும்? சொல்லும்போது சமத்துவம் பின்கதவால் உள்ளே வந்துவிடுகிறது. அடுத்த வருடம் இன்னொரு ஊர்ச் சட்டத்தரணி அந்தப் பந்தியைத் தன் வாதத்தில் ஒட்டுவார். பிறகு மேலே இருக்கிற நீதிமன்றம் ஒன்று அதை மேற்கோள் காட்டும். பத்து வருடம் போனால் அது சட்டம். யார் வாயில் இருந்து வந்த சொல், எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்பதெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும்.

கதையை மறுபடி எழுதலாம், எழுதுகிறவன் ஒன்பதாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறான். தீர்ப்பை மறுபடி எழுத, எழுதிய அந்தக் கை கிடைக்காது.

5

பிழை தெரியவந்தது பஸ்ஸில். விசாரணை முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. றம்ஸியா கஹவத்தை நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றாள். பஞ்சவர்ணம் கிளினிக்குக்கு வந்துவிட்டு மருந்துப் பையோடு நின்றாள். அடையாளம் கண்டு சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேச்சு போனது. இறங்குவதற்கு முன்னால் பஞ்சவர்ணம், குறை சொல்கிற குரலில் இல்லை, தெரிந்துகொள்கிற குரலில் கேட்டாள்.

"மிஸ், அன்னிக்கி நான் நாடுன்னேன், நீங்க ரட்டேன்னு சொன்னீங்க. கமேன்னுல்ல வரணும்? கோட்டுல அப்படித்தான் சொல்லணும்போலன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

றம்ஸியாவுக்கு உள்ளங்கை குளிர்ந்தது. பஞ்சவர்ணம் இறங்கிப் போன பிறகு தன் நிறுத்தத்தையும் தாண்டி, எம்பிலிப்பிட்டிய வரை போய்விட்டாள்.

அவளை வாட்டியது பிழை மட்டும் இல்லை. பிழை என்று தெரிந்தே அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். நீதிமன்றத்தில் தன் சொல்லுக்கு என்ன பொருள் என்று தன்னைவிட நீதிமன்றத்துக்குத்தான் தெரியும் என்று நம்பியிருக்கிறாள். றம்ஸியா வெட்கத்தில் வெந்துபோனாள்.

6

புதன்கிழமை தீர்ப்பின் வரைவு அவள் மேசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வாசிக்கும்போது மனுதாரருக்குத் தமிழிலும் கேட்க வேண்டும் என்பது நீதிபதி அம்மாவின் விருப்பம். ஐம்பத்திரண்டு பந்தி, சிங்களத்தில். வெளியே ஒரு சொல் போகக்கூடாது என்று பதிவாளர் சொல்லிக் கொடுத்தார்.

கடைசிப் பந்தியை முதலில் பார்த்தாள். பஞ்சவர்ணம் வென்றிருந்தாள். அறுபது நாளுக்குள் இருபத்திரண்டு வீட்டுக்கும் இணைப்புக் கொடுக்க சபைக்கு உத்தரவு. றம்ஸியா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு ஒன்றில் இருந்து வாசிக்கத் தொடங்கி நாற்பத்தொன்றுக்கு வந்தாள்.

"மனுதாரர் தாம் இந்நாட்டைச் சேர்ந்தவர் அல்லர் என்பதைத் திறந்த மன்றில் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டுள்ளார். அவருடைய பிரசாவுரிமையை ஆராய இந்த நீதிமன்றம் விரும்பவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. உறுப்புரை 'பிரசைகள்' என்று தொடங்கவில்லை, 'ஆட்கள்' என்றே தொடங்குகிறது. தாகத்துக்கு அடையாள அட்டை கேட்பது சமத்துவம் ஆகாது."

[அடிக்குறிப்பு: கோப்பின் ஒன்பதாம் பக்கத்தில் பஞ்சவர்ணத்தின் அடையாள அட்டைப் பிரதி இருந்தது. பிரசை என்று அவளுடைய மனுவிலேயே எழுதியிருந்தது. அந்தக் கடதாசியை அவளுடைய வாய் தோற்கடித்துவிட்டது, அதாவது றம்ஸியாவின் வாய்.]

எவ்வளவு நல்ல மனசோடு எழுதிய பந்தி, பாருங்கள். நீதிபதி அம்மா அந்த ஒரு பதிலைக் கேட்டு நெகிழ்ந்துதான், யாராக இருந்தாலும் ஆள் ஆள்தான் என்று எழுதியிருக்கிறார். தீர்ப்பு முழுவதும் அந்தப் பந்தியின் மேலேதான் நின்றது. இதைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதுவார்கள். ஆனால் நாளைக்குக் காணி கேட்டு, முகவரி கேட்டு இன்னொரு லயத்துக்காரன் வரும்போது, எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி இந்தப் பந்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார். தோட்டத்து மக்களே சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள் என்பார். தாகத்தை அங்கேயே விட்டுவிடுவார்.

றம்ஸியா தமிழாக்க உட்கார்ந்தாள். "மனுதாரர் தாம் இந்த நாட்டு ஆள் அல்லர் என்பதை —" எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள். நாடு என்ற சொல் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. தமிழ்ப் பிரதியில் குற்றமே இல்லை, பஞ்சவர்ணம் கேட்டால் தான் சொன்னதாகவே நினைப்பாள். குற்றம் சிங்களப் பிரதியில் மட்டும்தான் இருந்தது. சட்டமாகப் போவதும் அந்தப் பிரதிதான்.

7

அன்று பின்னேரம் தாழ்வாரத்தில் சட்டத்தரணி நிஸார் எதிரே வந்தார். வரைவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நீதிபதி அம்மாவுக்கு இடமாற்றம் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று சொன்னார்.

"அன்றைக்குத் தீர்ப்பு வந்தால் வந்தது. ஏதாவது தடங்கல் வந்தால் புது நீதிபதி, முதலில் இருந்து விசாரணை. இரண்டு வருஷமாவது இழுக்கும்."

பிழையைச் சொன்னால் பதிவைத் திருத்த வேண்டும். திருத்தினால் சபைப் பக்கம் சும்மா இருக்காது, பஞ்சவர்ணத்தை மறுபடி கூண்டில் ஏற்றக் கேட்கும். வெள்ளிக்கிழமை போய்விடும். தண்ணீரும் போய்விடும். றம்ஸியாவின் நியமனக் கடிதமும் போகும், ஆனால் அதை அவள் மூன்றாவதாகத்தான் எண்ணினாள். (முதலாவதாக எண்ணியிருந்தாலும் எழுதுகிறவன் மூன்றாவது என்றுதான் எழுதியிருப்பான். அவளை அவனுக்குப் பிடித்துவிட்டது.)

வியாழக்கிழமை பௌர்ணமி, போயா அரச விடுமுறை. மத்தியானம் அவள் மூன்றாம் நம்பர் லயத்துக்குப் போனாள். பஞ்சவர்ணம் மட்டும் வீட்டில் இருந்தாள், அவளுடைய மகன் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போயிருந்தான். தேத்தண்ணி வந்தது. றம்ஸியா, தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று தன்னால் சொல்ல ஏலாது, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் என்று தொடங்கினாள். பிழை செய்தது தான் என்று முதலில் சொன்னாள். அந்தப் பிழை அப்படியே இருந்தால் தண்ணீர் வரும், திருத்தினால் வராமல் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

பஞ்சவர்ணம் வாசலைப் பார்த்தாள். குழாய் புதைத்த இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருந்தது.

"கோட்டுல எழுதுறது எத்தன வருசத்துக்கு இருக்கும் மிஸ்?"

"எப்பவும் இருக்கும்."

"குழாயி?"

"பத்து, பதினஞ்சு வருஷம் இருக்கும்."

"எங்க அப்பா பிரஜா உரிமை இல்லாமயே செத்துப்போனாரு. எனக்கு அந்தக் கடுதாசி வந்தன்னிக்கி எனக்கு முப்பது வயசு. அன்னிக்கி நான் வேலைக்குப் பேர் குடுக்குற பிரட்டுக்குப் போகல, ஒரு நாள் பேரும் சம்பளமும் போனாப் போகுதுன்னு வீட்டுல குந்திக்கிட்டு அந்தக் கடுதாசியவே பாத்துக்கிட்டு இருந்தேன்." கோப்பையை எடுத்துக் கழுவப்போனவள் நின்றாள். குடத்தில் தண்ணீர் அடியில்தான் இருந்தது. "இந்த லயத்துல இருபத்திரெண்டு குடும்பம் இருக்கு. ஒருத்தருக்காக நான் சொல்ல முடியாதுங்க."

வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. றம்ஸியா எதைத் தூக்கிக்கொண்டு வந்தாளோ அதையே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

8

இனி முடிவு.

முதலாம் முடிவு: றம்ஸியா வெள்ளிக்கிழமை எழுந்து உண்மையைச் சொல்கிறாள். நீதிபதி அம்மா அங்கேயே பந்தியைத் திருத்தி எழுதுகிறார். பஞ்சவர்ணம் இந்நாட்டுப் பிரசை என்ற முறையிலேயே — இல்லை. ஐம்பத்திரண்டு பந்தியும் நாற்பத்தொன்றின் மேல் நிற்கிறது என்று மேலே எழுதியாகிவிட்டது. அங்கேயே திருத்த முடியாது.

இரண்டாம் முடிவு: அவள் சொல்லவில்லை. குழாய் வருகிறது. முதல் குடம் நிறைகிறபோது எல்லோரும் கைதட்டுகிறார்கள், பஞ்சவர்ணம் மட்டும் — இதுவும் இல்லை. இது சினிமா.

மூன்றாவது முடிவு எழுதப்போகும்போதுதான் வாசகர் ஒருவர் கையைப் பிடிப்பது தெரிகிறது. வாசகர் கேட்பது இது: போயா நாளில் எந்தப் பாடசாலை?

சரி. பிடித்துவிட்டீர்கள்.

மகன் பாடசாலைக்குப் போகவில்லை. உள் காம்பராவில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான். நாட்டுக்குப் போய் பலாக்காய் வாங்கினோம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியிருந்தது. அவன் தமிழ் ஆசிரியர். நாடு என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, கிராமம் என்று எழுதினான். பத்து வருடமாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசியது முழுவதும் அவனுக்குக் கேட்டது. பேனா நின்றுபோனது. ஆனாலும் அவன் வெளியே வரவில்லை.

பஸ்ஸிலும் அவன்தான் பின் சீட்டில் இருந்தான், தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். மன்றில் பின் வாங்கில் எழுந்திருக்கப்போனவனும் அவன்தான். அவன் பெயர் சஞ்சீவ்.

நான்தான்.

ரட்டே என்ற சொல் விழுந்த அந்த நொடியே எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் இரண்டு மொழியும் தெரிந்து, தோட்டத்துத் தமிழும் தெரிந்து, படித்தவன் என்று பெயரும் எடுத்தவன் நான் ஒருவன்தான். எழுந்து, அது பிழை என்று சொல்ல ஐந்து செக்கண்ட் போதும். பாதி எழுந்தேன். அப்போதுதான் நீதிபதி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இளகியது. அந்த முகம் இளகியதும், இது நமக்கு நல்லது என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. நம்மைப் பரதேசி என்று நினைத்தாவது தண்ணீர் கொடுக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். என் தாயை இந்த நாட்டில் இருந்து வெளியே தள்ளியது றம்ஸியாவின் வாய் இல்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இத்தனை பக்கம் றம்ஸியாவை முன்னால் நிறுத்தி, அவள் உள்ளங்கை குளிர்ந்தது, வெட்கத்தில் வெந்துபோனாள் என்றெல்லாம் எழுதினேனே, அவள் உள்ளங்கையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அது என் உள்ளங்கை. எம்பிலிப்பிட்டிய வரை போனாள் என்பதை மட்டும் பிறகு அவளே சொன்னாள்.

9

வெள்ளிக்கிழமை காலை. என் அம்மா அதே நீலச் சேலை. பின் வாங்கில் அதே இடத்தில் நான். றம்ஸியா கூண்டுக்குப் பக்கத்தில், தமிழ்ப் பிரதியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நீதிபதி அம்மா ஒவ்வொரு பந்தியாக வாசித்தார், ஒவ்வொன்றாக அவள் தமிழில் சொன்னாள். குரலில் தடுமாற்றம் இல்லை. நாற்பது முடிந்ததும் நீதிபதி அம்மா கிளாஸை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு நாற்பத்தோராம் பந்தியின் முதல் வாக்கியத்தை வாசித்துவிட்டு நிறுத்தினார்.

றம்ஸியா சொல்லவில்லை. கையில் இருந்த கடதாசிகளைச் சேர்த்து மடித்தாள். ஏதும் பிரச்சினையா என்று நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். சபையின் சட்டத்தரணி தலையை நிமிர்த்தினார். றம்ஸியா மன்றைப் பார்க்காமல் கூண்டில் நின்ற என் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூண்டில் இருந்து மெல்லத் திரும்பி, பின் வாங்கில் இருந்த என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் பாதி எழுந்து உட்கார்ந்ததை அவளும் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் கண்ணில் கோபம் இல்லை. பதில் சொல்ல வேண்டிய பிள்ளையை வாத்தியார் பார்க்கிற மாதிரி பார்த்தாள், அவ்வளவுதான்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. ஒன்பது தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். நான் எழுந்தேன் என்று எழுதினால் என்னை நல்லவனாக்கிக்கொள்கிறேன். எழவில்லை என்று எழுதினால் ஒப்புக்கொண்ட புண்ணியத்தில் ஒளிந்துகொள்கிறேன். இரண்டுமே எனக்குச் சாதகமான தீர்ப்பு, தன் வழக்கில் தானே தீர்ப்பு எழுத எவனுக்கும் உரிமை இல்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது "இந்த நீதிமன்றம் கருதுகிறது" என்று மட்டும் போடாதீர்கள். உங்கள் பெயரைப் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒருநாள் எங்கள் லயத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள். தேத்தண்ணி தருவோம். அந்தத் தண்ணீர் குழாயில் வந்ததா, ஒரு மைல் சுமந்து வந்ததா என்று குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நானும் சொல்லமாட்டேன். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா, புதிதாக வருகிற எல்லோரையும் கேட்கிற மாதிரி உங்களையும் கேட்பாள்.

"நீங்க நாட்டு ஆளுங்களா, தோட்டத்து ஆளுங்களா?"

யோசித்துப் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது அதை எழுதிக்கொண்டிருப்பார்கள்.